உப்பில்லாமல் வளராத பாக்டீரியாவும் அது செய்த மூலக்கூறும்

கேள்வி இதுதான்: "எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஆறு மாத புராஜெக்ட்டில் கடல் பாக்டீரியா, பூஞ்சைகளிலிருந்து புதிய வேதிச் சேர்மங்களைத் தேடலாம் என்று இருக்கிறேன். கடற்கரைச் சேற்றை எடுத்துத் தட்டில் பரப்பினால் போதுமா? கிடைத்தது புதியதுதான் என்று எப்படித் தெரியும்? அது மருந்தாவதற்கு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும்?"

சேற்றைத் தட்டில் பரப்பினால் ஏதாவது கண்டிப்பாக வளரும். ஒரு மில்லிலிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சேற்றில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் வழக்கமான தட்டில் வளர்வது அவற்றில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சிலவும் பெரும்பாலும் எதைக் கொடுத்தாலும் தின்று வளர்கிற ரகம். அவை ஏற்கெனவே பல லேப்களில் வளர்ந்தவை, அவற்றின் சேர்மங்களும் ஏற்கெனவே எழுதப்பட்டவை. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் பல ஓர் எளிய கேள்வியில் தொடங்கியிருக்கின்றன: இந்த உயிருக்குக் கடல் எதற்குத் தேவை? அதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் உதாரணம் சாலினிஸ்போரா என்ற கடல் பாக்டீரியா. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980-களின் இறுதிவரை பெரும்பாலான நுண்ணுயிரியலாளர்கள் ஆக்டினோமைசீட்டுகள் என்ற பாக்டீரியாக்களை மண்ணுக்கு உரியவையாகவே கருதினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் முதல் எத்தனையோ ஆன்டிபயாடிக்குகளைத் தந்த குடும்பம் அது. மழை பெய்தால் மண்வாசனை தரும் ஜியோஸ்மினைச் செய்வதும் அதே குடும்பம்தான். கடல் படிவில் அவை தென்பட்டால், நிலத்திலிருந்து ஆற்றோடு அடித்து வரப்பட்ட வித்துகள் உறங்கிக் கிடக்கின்றன என்பதே பொதுக் கருத்து. அதற்காக யாரும் தனியாக மெனக்கெடவில்லை.

கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஜென்சனும் வில்லியம் ஃபெனிக்கலும் 1989-ல் பஹாமாஸ் தீவுகளின் கரையோரப் படிவுகளைச் சேகரித்தார்கள். கிடைத்த ஆக்டினோமைசீட்டுகளை, கடல் நீரில் தயாரித்த ஊடகத்திலும் (நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டக் கலவை) சாதாரண அயனி நீக்கிய நீரில் தயாரித்த ஊடகத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். செலவே இல்லாத சோதனை. ஒரு குறிப்பிட்ட வகை மட்டும் கடல் நீர் இருந்தால்தான் வளர்ந்தது. நல்ல தண்ணீர்த் தட்டில் எதுவும் முளைக்கவில்லை. நிலத்திலிருந்து வந்த விருந்தாளியாக இருந்தால் இப்படி நடந்துகொள்ளாது. 1991-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். 2002-ல் செங்கடல், கலிபோர்னியா வளைகுடா போன்ற தொலைவான இடங்களின் படிவுகளிலும் அதே கூட்டம் இருப்பதைக் காட்டினார்கள். 2005-ல்தான் சாலினிஸ்போரா என்ற பேரினப் பெயர் முறைப்படி வந்தது.

உப்பு ஏன் கட்டாயம் என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் 2012-ல் கிடைத்தது. உப்புச் செறிவு திடீரென்று குறைந்தால் செல்லுக்குள் தண்ணீர் பாய்ந்து அது உப்பிவிடும். பல பாக்டீரியாக்களின் சவ்வில் இதற்கென்றே ஒரு வால்வு உண்டு. அழுத்தம் ஏறியதும் அது திறந்து உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வெளியேற்றிவிடும். சாலினிஸ்போராவின் மரபணுத்தொகுதியில் அந்த வால்வுக்கான மரபணுவே இல்லை. உப்பு ஒரேயடியாகக் குறையாத கடலடியில் அது தேவைப்படவில்லை, தொலைந்துபோயிற்று. அந்த ஒரு மரபணுவை வெளியிலிருந்து சேர்த்துக் கொடுத்ததும், உப்பு குறைந்த நீரில் அந்த பாக்டீரியா தப்பிப் பிழைத்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

சரி, சேர்மத்துக்கு வருவோம். சாலினிஸ்போரா ட்ராப்பிகா என்ற இனத்தின் ஒரு வளர்ப்பிலிருந்து எடுத்த சாறு, குடல் புற்றுநோய் செல்களை மிகக் குறைந்த அளவிலேயே கொன்றது. சாற்றைப் பிரித்துப் பிரித்து, கொல்லும் திறன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பின்தொடர்ந்து போனதில் ஒரு சிறிய மூலக்கூறு கிடைத்தது. சாலினோஸ்போரமைட் ஏ என்று பெயரிட்டு 2003-ல் அறிவித்தார்கள். 15 கார்பன் அணுக்களும் ஒரே ஒரு குளோரினும் கொண்ட சின்னஞ்சிறு கட்டமைப்பு.

அது தாக்குவது புரோட்டியசோமை. தேவை முடிந்த புரதங்களை வெட்டிப் போடும் செல்லின் குப்பைக் கிடங்கு என்று அதைச் சொல்லலாம். வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லில் குப்பை அதிகம். கிடங்கை அடைத்தால் செல் மூச்சுத் திணறிச் சாகும். சாலினோஸ்போரமைட் அதை அடைக்கும் விதம் அழகானது. அதன் நாலு முனை வளையம் ஒன்றைப் புரோட்டியசோமில் உள்ள த்ரியோனின் என்ற அமினோ அமிலம் தாக்கித் திறக்கிறது, மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. இதே போன்ற வளையம் கொண்ட வேறு சேர்மங்களும் இதுவரை செய்யும். ஆனால் நேரம் போனால் நீர் வந்து அவற்றைக் கழற்றிவிடும். சாலினோஸ்போரமைடில் அடுத்து ஒன்று நடக்கிறது. வளையம் திறந்ததால் விடுபட்ட ஆக்சிஜன், பக்கத்தில் குளோரின் இருக்கும் கார்பனைத் தாக்கி குளோரினை வெளியே தள்ளிவிட்டு, அங்கே ஒரு புதிய ஐந்து முனை வளையத்தை உருவாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு திரும்ப வழியே கிடையாது. பூட்டைப் பூட்டிவிட்டு சாவியை உள்ளேயே முறித்துவிட்ட மாதிரி.

அந்தக் குளோரின் எங்கிருந்து வந்தது? கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அதை எடுத்து ஒரு கரிமச் சேர்மத்தில் பொருத்துவதற்கென்றே இந்த பாக்டீரியாவிடம் ஒரு நொதி உண்டு. அதன் கட்டமைப்பையும் செயலையும் 2008-ல் விளக்கினார்கள். அப்புறம் இன்னொரு கேள்வி வரும்: புரோட்டியசோமை இப்படி நிரந்தரமாக அடைக்கும் நஞ்சைச் செய்கிற பாக்டீரியா, தன் சொந்தப் புரோட்டியசோமை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது? அந்தச் சேர்மத்துக்கான மரபணுக்களுக்குப் பக்கத்திலேயே, நஞ்சு எளிதில் பிடிக்காத மாற்று உறுப்பு ஒன்றுக்கான மரபணுவும் வைத்திருக்கிறது. இன்று மரபணுத்தொகுதியில் சேர்மங்களைத் தேடுகிறவர்கள் இப்படி ஒட்டி வைக்கப்பட்ட தற்காப்பு மரபணுவைத் தனியாகக் கவனிக்கிறார்கள். அந்த மரபணுக் கூட்டம் செய்யும் சேர்மம் எதைத் தாக்கும் என்பதற்கு அதுவே துப்பு.

இனி, புதியதுதானா என்ற கேள்வி. என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். நான் ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்தில் ஒரு கடல் ஆக்டினோமைசீட்டின் சாறு, வைத்த செல்களையெல்லாம் கொன்றது. ஏழு மாதம் குரோமட்டோகிராபி குழாய்களில் ஓட்டிப் பிரித்தேன். கடைசியில் மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையைப் பார்த்தால் அது ஸ்டோரோஸ்போரின். 1977-லேயே ஜப்பானில் மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த சேர்மம். முதல் வாரத்திலேயே சாற்றை மாஸ் ஸ்பெக் என்ற நிறை அளக்கும் கருவியில் போட்டு, 466 என்ற அதன் நிறையையும் புறஊதா நிறமாலையையும் பார்த்திருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

ஆகவே பிரிப்பதற்கு முன் அடையாளம் பாருங்கள். திரவ குரோமட்டோகிராபியும் உயர் துல்லிய மாஸ் ஸ்பெக்கும் இணைந்த கருவியில் கச்சாச் சாற்றைச் செலுத்தினால், ஒவ்வொரு சேர்மத்தின் நிறையும் தசம நான்காம் இடம் வரை துல்லியமாகக் கிடைக்கும். அதிலிருந்து மூலக்கூறு வாய்பாட்டை ஊகித்து, கடல் இயற்கைப் பொருள்களுக்கென்றே இருக்கும் மரின்லிட் போன்ற தரவுத்தளத்தில் தேடலாம். குளோரின் இருந்தால் கண்ணாலேயே தெரியும்: இயற்கைக் குளோரினில் 35, 37 என்ற இரு ஐசோடோப்புகள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதால், முதன்மை உச்சிக்கு இரண்டு எண் தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு தம்பி உச்சி நிற்கும். சாலினோஸ்போரமைடில் 313-க்குப் பக்கத்தில் 315. கடல் மாதிரிகளில் இந்த ஜோடியைப் பார்த்தால் நான் இன்றும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

இன்னும் ஒரு படி மேலே, மூலக்கூறுகளை உடைத்து, உடைந்த துண்டுகளின் ஒற்றுமையை வைத்து உறவுக்காரச் சேர்மங்களை வலைபோல் இணைத்துக் காட்டும் ஜி.என்.பி.எஸ். என்ற இலவச இணையத் தளம் இருக்கிறது. தெரிந்த சேர்மங்கள் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். எதனோடும் ஒட்டாத ஒரு கூட்டம் தனியாக நின்றால் அதன்மேல் கை வைக்கலாம். அதற்குப் பிறகுதான் அதிக அளவில் வளர்ப்பதும், எத்தில் அசிடேட்டால் சாறெடுப்பதும், தூய்மையாக்கி என்.எம்.ஆர். எடுப்பதும். அணுக்கள் எந்த வரிசையில் இணைந்திருக்கின்றன என்பதை என்.எம்.ஆர். சொல்லும். முப்பரிமாணத்தில் அவை எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை உறுதி செய்ய, படிகம் கிடைத்தால் எக்ஸ் கதிர்தான் சிறந்த வழி.

மரபணுவிலிருந்தும் தொடங்கலாம். சாலினிஸ்போரா ட்ராப்பிகாவின் முழு மரபணுத்தொகுதி 2007-ல் வெளியானபோது, அதன் 52 லட்சம் எழுத்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இத்தகைய சேர்மங்களைச் செய்வதற்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மொத்தம் 17 மரபணுக் கூட்டங்கள். அதுவரை அதிலிருந்து எடுக்கப்பட்ட சேர்மங்கள் சில மட்டுமே. மீதிக் கூட்டங்கள் லேபில் வாய் திறக்காமல் இருந்தன. ஆன்டிஸ்மேஷ் என்ற மென்பொருளில் மரபணு வரிசையைக் கொடுத்தால் இந்தக் கூட்டங்களைப் பட்டியலிட்டுத் தந்துவிடும். அவற்றைப் பேச வைப்பதுதான் கஷ்டம்.

பூஞ்சைகளில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். பூஞ்சை விஷயத்தில் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கடலிலிருந்து எடுக்கப்பட்டதாக எழுதப்படும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவை. நிலத்திலும் தாராளமாக வாழ்பவை. அவற்றைக் கடல் பூஞ்சை என்று சொல்வதைவிடக் கடலிலிருந்து கிடைத்த பூஞ்சை என்று சொல்வதுதான் நேர்மை. ஆனால் அதனால் மதிப்பு குறைந்துவிடாது. 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில் காலியாரி நகரப் பேராசிரியர் ஜியுசெப்பே பிரோட்சு, அங்கே டைஃபாய்டு கடுமை குறைவாக இருப்பதைக் கவனித்தார். சாக்கடை கலக்கும் சூ சிக்கு கடற்கரை நீரில் ஏதோ ஒன்று கிருமிகளை அழிக்கிறது என்று யோசித்து, அந்த நீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தார். அதன் வடிநீரைச் சீழ்க்கட்டிகளில் ஊசியாகச் செலுத்தியும் பார்த்தார். 1948-ல் எழுதிய கட்டுரை உள்ளூர் வெளியீட்டைத் தாண்டவில்லை. பூஞ்சை மட்டும் ஆக்ஸ்போர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் 1953-ல் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற சேர்மத்தைக் கண்டார்கள். பெனிசிலினை உடைக்கும் நொதிக்கு அது அசையவில்லை. இன்று மருந்துக் கடையில் வாங்கும் செஃபலெக்சின், செஃபிக்சிம், ஆஸ்பத்திரியில் ஏற்றும் செஃப்ட்ரயாக்சோன் எல்லாம் அந்த வம்சம். அந்தப் பூஞ்சை கடலில் பிறந்ததா, சாக்கடையோடு வந்து சேர்ந்ததா என்று இன்றும் வாதிடலாம். பிரோட்சு ஊரில் நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, அந்தக் கேள்வியோடு தண்ணீரை எடுத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பூஞ்சையைப் பேச வைக்க ஒரு வழி, அதற்கு ஒரு போட்டியாளரைக் கொடுப்பது. ஃபெனிக்கலின் குழு பஹாமாஸில் ஒரு பழுப்புப் பாசியின் மேற்பரப்பிலிருந்து எடுத்த பூஞ்சையை, ஒரு கடல் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தது. தனியாக வளர்த்தபோது இரண்டுமே செய்யாத ஒரு சேர்மம், சேர்த்து வளர்த்தபோது வந்தது. பெஸ்டலோன் என்று பெயரிட்டு 2001-ல் அறிவித்தார்கள். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு எதிராக அபாரமாக வேலை செய்வதாக இருந்தது. பிறகு வேறு குழுவினர் அதை ரசாயன முறையில் செய்து சோதித்தபோது, முதலில் சொன்னதைவிடத் திறன் பல மடங்கு குறைவாகத் தெரிந்தது. முதல் கட்டுரையின் எண்ணை வைத்துக்கொண்டு கனவு காண வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன். சேர்த்து வளர்க்கும் உத்தி இன்றும் நல்ல உத்திதான்.

இதற்கெல்லாம் வசதி இல்லையென்றாலும் ஊடகத்தை மாற்றலாம். அதே பூஞ்சையைக் குலுக்கியில் ஒன்று, அசையாமல் ஒன்று, கடல் நீரில் வேகவைத்த அரிசியின் மேல் ஒன்று என்று வளர்த்தால் மூன்று சாறுகளும் மூன்று விதமாக இருக்கும். அரிசியில் மூன்று, நான்கு வாரம் விட்டு வையுங்கள். பூஞ்சைகள் அதில் தாராளமாகச் செய்யும்.

மருந்தாவதற்கு எவ்வளவு தூரம்? நிறைய தூரம். சாலினோஸ்போரமைட், மாரிசோமிப் என்ற பெயரில் 2006-ல் மனிதச் சோதனைக்குப் போனது. கண்டுபிடிப்பிலிருந்து மூன்றே ஆண்டு. இந்தத் துறையில் மின்னல் வேகம். அதற்காக உப்பு நீரிலேயே பெரிய அளவில் நொதிக்க வைக்க வேண்டியிருந்தது. உப்பு நீர் எஃகை அரிக்கும் என்பதால் மருந்துத் தொழிலில் யாரும் விரும்பாத வேலை அது. லிட்டருக்குச் சில மில்லிகிராமாக இருந்த விளைச்சலை நூற்றுக்கணக்கான மில்லிகிராமுக்கு உயர்த்தினார்கள். மூளைக்குள் இந்த மூலக்கூறு புகும் என்பதால் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோயில் சோதித்தார்கள். 700-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின. அந்த முடிவைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மனம் கனத்துப்போயிற்று.

ஆனால் வென்றவையும் இருக்கின்றன. கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத மெல்லுடலியிலிருந்து எடுத்து 1987-ல் அறிவித்த டோலாஸ்டாட்டின் 10, மிகச் சிறிய அளவில்தான் கிடைத்தது. அது உண்மையில் கடல் முயல் தின்னும் சயனோபாக்டீரியாவின் சரக்கு என்பது 2001-ல் பலாவ் தீவுகளில் எடுத்த மாதிரியில் தெரியவந்தது. அந்தக் கட்டமைப்பைப் பார்த்துச் செய்த செயற்கை வடிவம், எதிர்ப்புப் புரதத்தின் (ஆன்டிபாடி) முதுகில் ஏற்றப்பட்டு, 2011 முதல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பிரென்டுக்சிமாப் வெடோடின் என்ற மருந்தாகக் கிடைக்கிறது. கடல் விலங்கிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சேர்மம் எதைப் படித்தாலும், அதற்குள் ஒரு நுண்ணுயிர் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் ஆறு மாதத்துக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. பூஞ்சை தேடுகிறவர்களுக்கு அலையாத்தி வேரும் மட்கும் கட்டையும் நல்ல இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே மாதிரி எடுக்க வேண்டாம். வளர்ப்பையோ மரபணுவையோ வெளிநாட்டு லேபுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2002-ம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி தேசிய ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள். அதன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

ஆக்டினோமைசீட்டு தேடுவதானால் படிவைக் காற்றில் உலர்த்துங்கள், அல்லது நீரில் கரைத்து 55 டிகிரியில் ஆறு நிமிடம் வையுங்கள். சீக்கிரம் பரவும் பாக்டீரியாக்கள் குறையும், வித்துகள் தாங்கும். மாவுச்சத்தும் கொஞ்சம் ஈஸ்ட் சாறும் பெப்டோனும் போதும். சத்து அதிகமான ஊடகம் வேண்டாம். பூஞ்சையை அடக்க சைக்ளோஹெக்சிமைடு சேருங்கள். ஒரு வாரத்தில் தட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஆறு வாரம், எட்டு வாரம் வரை காத்திருங்கள். தட்டு காயாமல் ஓரத்தை மூடி வையுங்கள். சாலினிஸ்போரா ஆரஞ்சு நிறத்தில் மெதுவாக வந்து, வித்து வைக்கும்போது கறுக்கும்.

வளர்கிற ஒவ்வொன்றையும் இரண்டு தட்டில் கோடிழுங்கள்: ஒன்று வடிகட்டிய கடல் நீரில் செய்தது, மற்றது காய்ச்சி வடித்த நீரில் செய்தது. இரண்டிலும் வளர்பவற்றைக் கிளிசராலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு பார்க்கலாம். கடல் நீர்த் தட்டில் மட்டும் வளர்வது ஒன்று கிடைத்தாலும் போதும், புராஜெக்ட்டின் மீதி நாள்களை அதற்கே கொடுங்கள். இனத்தை அடையாளம் காட்டும் அதன் 16எஸ் மரபணு வரிசை வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.